ஸ்டார்வ்: சாவில் பிறந்து பசிக்கு வந்த ஆங்கிலச் சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஸ்டார்வ்’ என்றால் பசிப்பதா, பட்டினி கிடப்பதா, சாவதா?

மூன்றும் உண்டு. உணவில்லாமல் நாட்கணக்கில் வாடுவது, அப்படி வாடிச் சாவது, இன்னொருவரைப் பட்டினி போடுவது ஆகிய மூன்றையும் இன்றைய அகராதிகள் தருகின்றன. பேச்சில் இதே சொல் இன்னும் இறங்கிவிடும். மதியச் சாப்பாடு அரைமணி நேரம் தள்ளிப்போனாலே ‘ஐயாம் ஸ்டார்விங்’ என்பார்கள். ஆக, சொல்லை மட்டும் வைத்து ஆள் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று தீர்மானிக்க முடியாது. மொழிபெயர்ப்பில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் குழப்பமே இல்லை. அப்போது இதற்கு ஒரே பொருள், சாவது.

பசியே சேராத வெறும் சாவா?

ஆமாம். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஸ்டெயோர்வன்’. நோயில் செத்தாலும், போரில் வெட்டுப்பட்டுச் செத்தாலும், வயதாகிச் செத்தாலும் இதே வினைதான். அன்று இது சொல்லுக்குள் இருக்கும் உயிரெழுத்து மாறித் திரியும் வினைகளில் ஒன்று. ‘செத்தான்’ என்பதற்கு ‘ஸ்டெயர்ஃப்’, ‘செத்தார்கள்’ என்பதற்கு ‘ஸ்டுர்வொன்’. பிற்காலத்தில் அந்தத் திரிபுகள் உதிர்ந்து, எல்லாவற்றையும் போல இறுதியில் ஒட்டு வாங்கி ‘ஸ்டார்வ்ட்’ ஆயிற்று.

அக்காள் தங்கை மொழிகளில் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஷ்டெர்பன்’, டச்சு மொழியில் ‘ஸ்டெர்வன்’, இரண்டுக்கும் சாவது என்றே பொருள். ஜெர்மன் இரங்கல் அறிவிப்பில் ‘கெஷ்டோர்பன்’ என்று பார்த்துவிட்டு, ஆங்கில வாடையில் ‘பட்டினியால் இறந்தார்’ என்று எழுதிவிடக்கூடாது. பட்டினிச் சாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் வேறு: ‘ஃபெர்ஹுங்கர்ன்’.

ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பழைய பொருள் உயிரோடு இருந்தது. அந்தக் காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் ‘ட்ராய்லஸ் அண்ட் கிரிசைடி’ காவியத்தின் முடிவில், கிறிஸ்து சிலுவையில் ‘ஸ்டார்ஃப்’ என்று எழுதுகிறார். இயேசு பட்டினியால் இறந்தார் என்று யாரும் அதைப் படிப்பதில்லை. உயிர்விட்டார், அவ்வளவுதான்.

சொல்லின் வேர் எது?

‘விறைப்பு’ என்ற பொருள்கொண்ட ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததாக மொழியியலார் கொள்கிறார்கள். செத்த உடல் விறைத்துப்போவதால் ‘விறைத்தான்’ என்றாலே ‘செத்தான்’ ஆயிற்று. தமிழிலும் “குளிரில் விறைச்சுப் போயிட்டான்” என்னும்போது இந்த இரண்டு அர்த்தமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைக் கவனிக்கலாம்.

விறைப்பைக் குறிக்கும் ‘ஸ்டார்க்’, துணிக்குப் போடும் கஞ்சியைக் குறிக்கும் ‘ஸ்டார்ச்’ ஆகியவையும் இதே குடும்பத்தில் வைக்கப்படுபவை. நம் ஊரில் பசித்தவனுக்கு ஊற்றுவதும் கஞ்சி, சட்டையை விறைப்பாக்குவதும் கஞ்சி. இரண்டுக்கும் வேர்த் தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

சாவைக் குறித்த சொல் பசிக்கு எப்படி வந்தது?

வைக்கிங்குகளால் என்று ஒரு வரியில் சொல்லலாம். கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் சுவை.

பழைய ஆங்கிலத்தில் சாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் இருந்தன: ‘ஸ்டெயோர்வன்’, ‘ஸ்வெல்ட்டன்’, ‘க்வெலன்’. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகள், அதாவது ஸ்காண்டிநேவியர்கள், தங்கள் மொழியில் ‘டெய்யா’ என்றார்கள். இன்றைய ‘டை’ என்ற வினை பெரும்பாலும் அவர்களிடமிருந்து வந்ததே. ‘டெட்’, ‘டெத்’ என்ற உறவுச் சொற்கள் ஆங்கிலத்தில் முன்பே இருந்ததால் புதியவனுக்கு இடம் எளிதாகக் கிடைத்தது. பொதுவான சாவை ‘டை’ எடுத்துக்கொள்ள, பழைய வினைகள் பிழைப்புக்கு ஆளுக்கொரு மூலைக்குப் போயின. ‘ஸ்வெல்ட்டன்’ வெப்பத்தில் மயங்கிச் சரிவதற்கு ஒதுங்கி, இன்று புழுக்கத்தில் வாடுவதைக் குறிக்கும் ‘ஸ்வெல்ட்டர்’ ஆக நிற்கிறது. ‘க்வெலன்’ மறைந்தது, ‘சாகச் செய்’ என்ற அதன் பிறவினை மட்டும், கலகத்தை அடக்குவதைச் சொல்லும் ‘க்வெல்’ ஆகத் தப்பியது. ‘ஸ்டெயோர்வன்’ பசிக்கு வந்து சேர்ந்தது.

பசிக்கு வந்ததும் ஒரே நாளில் இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் ‘பசியால் ஸ்டெர்வ்’, ‘குளிரால் ஸ்டெர்வ்’ என்று காரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள், நாம் ‘பசியால் செத்தான்’ என்பது போல. காரணமும் வினையும் ஓயாமல் சேர்ந்தே வந்ததால், பிறகு காரணத்தைச் சொல்லாவிட்டாலும் அது உள்ளே கேட்கத் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் ‘பசியால்’ என்ற ஒட்டு இல்லாமலே பசிச் சாவைக் குறிக்கும் நிலை வந்தது. அதன் பின் சாவும் மெல்ல உதிர்ந்து, வாடுவது மட்டும் மிஞ்சியது.

பொதுப்பொருள் இப்படிச் சுருங்குவதைத் தமிழ் மொழியியல் நூல்கள் சிறப்புப் பொருட்பேறு என்று சொல்லும். ‘பொன்’ ஒருகாலத்தில் எந்த உலோகத்துக்கும் பொதுப்பெயர். இப்போது தங்கம் மட்டும். பழைய பொருள் ‘ஐம்பொன்’ என்ற கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டியர்’ முன்பு எந்த விலங்கும், இப்போது மான் மட்டும். ‘மீட்’ முன்பு எந்த உணவும், இப்போது இறைச்சி மட்டும்.

வட இங்கிலாந்தில் ‘ஸ்டார்வ்ட்’ என்றால் குளிர் என்கிறார்களே?

சரிதான். யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரப் பேச்சில் ‘ஐயாம் ஸ்டார்வ்ட்’ என்று ஒரு பாட்டி சொன்னால் தட்டைத் தேடாதீர்கள், போர்வையைத் தேடுங்கள். ‘குளிரால் ஸ்டெர்வ்’ என்ற கிளை அங்கே தங்கிவிட்டது. இளைய தலைமுறையிடம் இது குறைந்து வருகிறது.

அப்படியானால் பசிக்கு என்ன சொல்வார்கள்? ‘க்ளெம்ட்’. கிள்ளுவது, இறுக்குவது என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேர் அது. பசி “வயித்தைக் கிள்ளுது” என்பது லங்காஷயரிலும் தஞ்சாவூரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

‘ஸ்டெர்வ்’ ஏன் ‘ஸ்டார்வ்’ ஆனது?

இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் ‘எர்’ ஒலி பல சொற்களில் ‘ஆர்’ ஆகத் திரிந்தது. ‘ஸ்டெர்ரெ’ ‘ஸ்டார்’ ஆயிற்று, ‘ஃபெர்ம்’ ‘ஃபார்ம்’ ஆயிற்று, ‘டெர்க்’ ‘டார்க்’ ஆயிற்று. சில சொற்களில் ஒலி மாறியும் எழுத்து மாறவில்லை. பிரிட்டனில் குமாஸ்தாவை ‘க்ளார்க்’ என்று சொல்லிக்கொண்டே எழுத்தில் பழைய ‘எ’யை வைத்திருப்பது அந்த மிச்சம்தான்.

‘ஸ்டார்வேஷன்’ என்ற சொல்லை ஓர் அரசியல்வாதி உண்டாக்கினாரா?

உண்டாக்கினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிரபலமாக்கினார் என்று சொல்லலாம். ஹென்றி டன்டாஸ் என்ற ஸ்காட்லாந்து எம்.பி., 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் கலகம் குறித்த நாடாளுமன்ற விவாதத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். வணிகத்தையும் மீன்பிடிப்பையும் முடக்கிப் பட்டினியால் பணியவைக்கலாம் என்ற திட்டம் அப்போது பேசப்பட்டது. அவருக்கு ‘ஸ்டார்வேஷன் டன்டாஸ்’ என்று பட்டப்பெயரே விழுந்தது.

பட்டப்பெயர் எதற்காக என்பதில் இரண்டு கட்சி. திட்டத்தின் கொடூரத்துக்காக என்பது ஒன்று, சொல்லின் அசிங்கத்துக்காக என்பது மற்றொன்று. இரண்டாவது இன்று வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அன்றைய படித்தவர்கள் காதில் அது உறுத்தியிருக்கும், ஏனெனில் ‘ஸ்டார்வ்’ ஜெர்மானியச் சொல், ‘-ஏஷன்’ லத்தீன் விகுதி. தமிழ்ப் ‘பங்கு’டன் பாரசீகத் ‘தார்’ ஒட்டிப் ‘பங்குதாரர்’ வந்ததே, அந்த மாதிரியான கலப்பு. இந்த விகுதி நாட்டுச் சொல்லில் ஒட்டிக்கொண்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. ‘ஃப்ளர்ட்டேஷன்’ இதற்கும் மூத்தது. இன்று யார் காதும் உறுத்துவதில்லை.

இந்த டன்டாஸுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1793 முதல் 1801 வரை கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட லண்டன் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அவர்தான். திப்பு வீழ்ந்ததும், 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அவர் காலத்தில். டொரொன்டோத் தமிழர்கள் நாள்தோறும் கடக்கும் டன்டாஸ் வீதியும் அவர் பெயரில் வந்ததே. அடிமை வணிக ஒழிப்பைத் தாமதப்படுத்தியவர் என்ற குற்றச்சாட்டால் அங்குள்ள யங்-டன்டாஸ் சதுக்கத்தின் பெயரை மாற்ற 2023இல் மாநகர சபை முடிவெடுத்தது.

‘ஸ்டார்வ் டு டெத்’ என்பது கூறியது கூறலா?

சாசர் காலத்துக்கு ஆம், ‘செத்துச் செத்தான்’ போல. இன்றைக்கு இல்லை. சாவு சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டதால், அதைத் திரும்பக் கொண்டுவர இந்த ஒட்டு தேவைப்படுகிறது. ஆங்கிலச் செய்தியில் இந்த ஒட்டோ ‘டைட் ஆஃப் ஸ்டார்வேஷன்’ என்ற தொடரோ இருந்தால்தான் ‘பட்டினிச் சாவு’ என்று எழுதலாம். வெறும் ‘ஸ்டார்விங்’ என்றிருந்தால் ‘பட்டினியால் வாடுகிறார்கள்’ என்பதோடு நிறுத்த வேண்டும்.

பேச்சில் ‘ஐயாம் ஸ்டார்விங்’ என்பது தவறா?

இல்லை. “பசி உயிர் போகுது”, “பசி காதை அடைக்குது” என்று நாம் சொல்வது போன்ற மிகை அது. உயிரே போவதாகச் சொல்லும் நம் வழக்கு, சாவில் பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கமான இணை என்பது எங்கள் கருத்து.

படிநிலை தெரிந்துகொள்வது உதவும். ‘பெக்கிஷ்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. கோழி கொத்துவதுபோல் எதையாவது கொறிக்கலாமா என்ற நிலை, நம் “வாய் நமநமங்குது”. அடுத்தது ‘ஹங்ரி’, சாதாரணப் பசி. அதன்மேல் ‘ஃபேமிஷ்ட்’, ‘ஸ்டார்விங்’ இரண்டும் உச்சம். உச்சச் சொல்லுக்கு முன் ‘வெரி’ வராது. ‘வெரி ஹங்ரி’ சரி, ‘வெரி ஸ்டார்விங்’ பிழை. ‘அப்சலூட்லி ஸ்டார்விங்’ சரி. அமெரிக்கர்கள் இதே பொருளில் ‘ஐயாம் ஸ்டார்வ்ட்’ என்பதும் உண்டு. ‘பெக்கிஷ்’ அமெரிக்காவில் சிடுசிடுப்பையும் குறிக்கலாம் என்பதால் அங்கே கவனம்.

‘ஆஃப்’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா?

உணவல்லாத ஒன்று கிடைக்காமல் வாடுவதற்கு பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஸ்டார்வ்ட் ஆஃப்’, அமெரிக்காவில் ‘ஸ்டார்வ்ட் ஃபார்’. இங்கே ‘பட்டினி’ என்று தமிழில் எழுதினால் பெரும்பாலும் ஒட்டாது. நிதி என்றால் ‘நிதியின்றி முடங்கிய’, அன்பு என்றால் ‘அன்புக்கு ஏங்கும்’, ஆக்சிஜன் என்றால் ‘ஆக்சிஜன் போதாத’. கோட்டையை முற்றுகையிட்டு உணவை அடைத்து வெளியே வரவைப்பதற்கு ‘ஸ்டார்வ் அவுட்’.

தமிழில் பெயர்க்கும்போது எந்த வரிசையில் யோசிப்பது?

முதலில் வினை யாரைத் தாக்குகிறது என்று பாருங்கள். செயப்படுபொருள் இருந்தால் ‘பட்டினி போட்டான்’, இல்லையென்றால் ‘பட்டினி கிடந்தான்’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். தமிழில் ‘போடு’, ‘கிட’ என்று துணைவினையே பொறுப்பைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் மறைக்கும் குற்றவாளியைத் தமிழ் வெளியே இழுப்பதால், மூலத்தில் யார் பொறுப்பு என்று தெளிவாகாமல் ‘போட்டார்கள்’ என்று எழுதக்கூடாது.

அடுத்து, சாவு நடந்ததா என்பது. மேலே சொன்ன ஒட்டைத் தேடுங்கள். சாவின் விளிம்புவரை போன நிலைக்குத் தமிழில் ‘கொலைப்பட்டினி’ இருக்கிறது. நல்ல சொல், பயன்படுத்தலாம். பிறகு, இல்லாதது உணவுதானா என்று பாருங்கள். கடைசியாக, அவர் விரும்பி உண்ணாமல் இருந்தாரா என்பது. விரும்பி என்றால் சொல்லே மாறும். அது அடுத்த கேள்வி.

உண்ணாவிரதத்தை ‘ஸ்டார்வ்’ என்று சொல்லலாமா?

வழக்கமாகக் கூடாது. தானாக முன்வந்து உண்ணாதிருப்பது ‘ஃபாஸ்ட்’. அதன் பழைய பொருள் உறுதியாகப் பற்றிக்கொள்வது. விரதத்தின் சாரமும் அதுதானே. அந்த உறுதியை முறிப்பதால்தான் காலை உணவு ‘ப்ரேக்ஃபாஸ்ட்’. கோரிக்கை வைத்து உண்ணாதிருப்பது ‘ஹங்கர் ஸ்ட்ரைக்’. இந்திய ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட் அண்டு டெத்’ என்று நம் ‘சாகும்வரை உண்ணாவிரதம்’ நுழைந்திருக்கிறது. 1956இல் சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி 76 நாள் உண்ணாமல் இருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரைப் பற்றி எழுதும்போது ‘ஸ்டார்வ்ட் டு டெத்’ என்று போட்டால், சோறில்லாமல் செத்தார் என்று ஆகிவிடும். தமிழிலேயே, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும் பழைய வடக்கிருத்தலையும் பட்டினியையும் நாம் ஒன்றாக்குவதில்லை.

‘ஹங்கர்’, ‘ஸ்டார்வேஷன்’, ‘ஃபேமின்’: அலுவல் மொழியில் என்ன வேறுபாடு?

பசி, பட்டினி, பஞ்சம் என்று நேர்நேராக வைக்கலாம், ஆனால் அலுவலகங்கள் இவற்றுக்கு அளவுகோல் வைத்திருக்கின்றன.

‘ஃபேமின்’ என்று ஒரு பகுதியை இன்று அறிவிப்பதற்கு ஐ.நா. அமைப்புகள் ஏற்கும் ஐந்து கட்ட அளவீடு உண்டு. ஐந்தாம் கட்டத்துக்கு மூன்று வரம்புகள்: குறைந்தது 20 சதவீதக் குடும்பங்களுக்கு உணவு அறவே எட்டாத நிலை, 30 சதவீதக் குழந்தைகளிடம் கடும் ஊட்டக்குறைவு, நாளொன்றுக்கு 10,000 பேரில் 2 பேர் பசியாலோ அதனோடு சேர்ந்த நோயாலோ இறப்பது. 2011இல் சோமாலியாவிலும் 2017இல் தெற்கு சூடானின் சில பகுதிகளிலும் இப்படி அறிவிக்கப்பட்டது. வரம்பை எட்டுவதற்குள் பலர் இறந்திருப்பார்கள் என்பதே இந்த அளவீட்டின் மீதான பெரிய குறை.

‘ஹங்கர்’ புள்ளிவிவரங்களில் இன்னும் மென்மையானது. உலகப் பசிக் குறியீட்டில் பசி நேரடியாக அளக்கப்படுவதில்லை. ஊட்டக்குறைவு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவு, மெலிவு, குழந்தை இறப்பு என்ற நான்கைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். எனவே குறியீட்டில் பின்தங்கிய நாட்டில் எல்லாரும் பட்டினி கிடக்கிறார்கள் என்று தலைப்பிடுவது பிழை.

சொல்லுக்குப் பணமும் உயிரும் கட்டுப்பட்டிருந்த காலம் உண்டு. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில், சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஆண் கூலியாளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று ஆங்கில அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்து நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம்; உடலுழைப்புக்கு அது எந்த மூலைக்கு? அதன் பிறகு வந்த பஞ்ச விதித் தொகுப்புகளில் ‘தட்டுப்பாடு’ வேறு, ‘பஞ்சம்’ வேறு. எந்தச் சொல்லை அதிகாரி எழுதுகிறாரோ அதற்கேற்ப நிவாரணம். மகாராஷ்டிரம் 1963இல் ஒரு சட்டமே போட்டு மாநிலச் சட்டங்களிலிருந்து ‘ஃபேமின்’ என்ற சொல்லை நீக்கி, ‘தட்டுப்பாடு’ என்பதை வைத்தது. பஞ்சத்தை ஒழிப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

மருத்துவர்கள் சொல்லும் ‘ஸ்டார்வேஷன்’ எது?

இரண்டு தனித்தனிப் பயன்பாடுகள். பிரிட்டிஷ் மருத்துவமனைக் குறிப்பில் ‘நள்ளிரவு முதல் ஸ்டார்வ்ட்’ என்றிருந்தால், அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பொருள். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக, பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் இடைவெளி.

மற்றது உண்மையான பட்டினி. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறத்தாழ ஒரு நாளில் தீரும். பிறகு கொழுப்பு எரிந்து கீட்டோன்கள் மூளைக்கு எரிபொருளாகும். தசைப் புரதமும் தொடக்கம் முதலே கொஞ்சம் கரையும்; கொழுப்பு தீர்ந்தபின் அது வேகமெடுக்கும், இதயமும் தசைதான். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 ஆண்களுக்கு 24 வாரம் உணவைக் குறைத்து நடத்திய ஆய்வில் அவர்கள் உடல் எடையில் சுமார் கால்பங்கை இழந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு எல்லாம் அதில் பதிவாகின. அவர்கள் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதால் அதன் பெயர் ‘செமி-ஸ்டார்வேஷன்’, அரைப்பட்டினி.

பட்டினி கிடந்தவருக்கு உடனே இலைபோட்டு விருந்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் செல்களுக்குள் இழுக்கப்படும். பாஸ்பேட் சரிந்தால் இதயத்துடிப்பு குலையும். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் உண்ணாதவருக்கு, பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 கிலோகலோரிக்கு மிகாமல் தொடங்கிச் சில நாட்களில் கூட்டுவார்கள்; முன்னதாகவே தயாமின் (வைட்டமின் பி1) கொடுப்பார்கள். இது மருத்துவமனையில் செய்ய வேண்டியது. நீர்த்த கஞ்சியில் தொடங்கும் வீட்டு வழக்கம் நல்லதுதான், ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு அது ஈடாகாது.

போர்ச் சட்டத்தில் ‘ஸ்டார்வேஷன்’ குற்றமாக, யாராவது செத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 54ஆம் பிரிவில், பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளத் தடைவிதிக்கிறது. உயிர்வாழத் தேவையானவற்றை வேண்டுமென்றே பறிப்பதே அங்கே மையம். சாவில் பிறந்த சொல், சட்டத்தில் சாவே இல்லாமல் முழுப்பொருள் தருகிறது. அதைப் ‘பட்டினிச் சாவுக் குற்றம்’ என்று தமிழாக்கினால் சட்டத்தின் எல்லையே சுருங்கிவிடும்.

‘ஹேங்ரி’ உண்மையான சொல்லா?

ஆம். ‘ஹங்ரி’யும் ‘ஆங்ரி’யும் சேர்ந்தது, பசியால் வரும் கோபம். இணையத்தில் பிறந்தது என்று நினைப்பவர்கள் அதிகம், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் முதல் சான்று 1918. பரவலானது இந்த நூற்றாண்டில். அகராதிக்குள் வந்தது 2018 ஜனவரியில்.

சர்க்கரை குறையும்போது அட்ரினலின், கார்ட்டிசால் ஏறுவதால் படபடப்பு வருவது உடலியல். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 64 பேர் 21 நாட்கள், தினம் ஐந்து முறை, தங்கள் பசியையும் மனநிலையையும் பதிந்தார்கள். பசி கூடியபோது எரிச்சலும் கோபமும் கூடியிருந்தன. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை. ‘பசிவந்திடப் பத்தும் பறந்துபோம்’ என்பது மானம், அறிவு எல்லாம் போவதைச் சொல்கிறதே தவிர, கோபம் வருவதைச் சொல்வதில்லை. ‘பசிக்கோபம்’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

எஞ்சினிலும் கணினியிலும் வரும் ‘ஸ்டார்வேஷன்’?

இருந்தும் கிடைக்காமை. விமானத் துறையில் ‘ஃபியூயல் ஸ்டார்வேஷன்’ என்றால் தொட்டியில் எரிபொருள் இருக்கிறது, எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. அடைப்பு, வால்வை மாற்றாமல் விட்டது, நீர் கலப்பு என்று காரணங்கள். தொட்டியே காலியென்றால் அது ‘எக்ஸாஸ்ஷன்’. இரண்டையும் ‘எரிபொருள் தீர்ந்தது’ என்று எழுதுவது விபத்துச் செய்திகளில் அடிக்கடி காணும் பிழை. கணினியிலும் இதே கதைதான்: முன்னுரிமை குறைந்த ஒரு பணி, மற்றவை வந்துகொண்டே இருப்பதால் செயலியின் நேரம் கிடைக்காமல் காத்தே கிடப்பது. காத்திருக்கும் நேரத்துக்கேற்ப முன்னுரிமையை உயர்த்துவது வழக்கமான மருந்து.

சளிக்குத் தீனி, காய்ச்சலுக்குப் பட்டினி என்ற ஆங்கிலப் பழமொழியை நம்பலாமா?

‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே சிறந்த மருந்து, என்று நாமும் சொல்கிறோம். பசிக்காதபோது திணிக்க வேண்டாம் என்ற அளவில் இரண்டும் சரி. ஆனால் காய்ச்சலில் உடல் நீரையும் ஆற்றலையும் கூடுதலாகச் செலவழிக்கிறது. நீரைக் குறைப்பது ஆபத்து, குழந்தைகளுக்கு இன்னும். இலக்கணப்படி இங்கே ‘ஸ்டார்வ்’ பட்டினி போடுவது. பட்டினி கிடக்க வேண்டியது காய்ச்சல், நோயாளி அல்ல.

தவறாகச் சொல்லப்படும் வேர்கள் ஏதாவது உண்டா?

அகோரப் பசியைக் குறிக்கும் ‘ரேவனஸ்’, ‘ரேவன்’ என்ற அண்டங்காக்கையிலிருந்து வந்ததல்ல. பறித்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. ஹங்கேரி நாட்டுக்கும் பசிக்கும் தொடர்பில்லை. ‘ஓனோகுர்’ என்ற துருக்கிய இனப்பெயரோடு அதை இணைக்கிறார்கள், முன்னால் உள்ள ‘ஹ’ பின்னால் ஒட்டியது. உச்சரிப்பில் ஒன்று: ‘ஹங்கர்’ என்பதில் ‘க்’ ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும்; சட்டை மாட்டும் ‘ஹேங்கர்’ என்பதில் ‘ங்’ மட்டும், ‘க்’ கிடையாது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிப் பழகியதால் நமக்கு இது தவறும்.